ஊர் கேட்காத அக்கா

அக்கா,

இன்று ஜான்-டலோன் சந்தையில் ஒரு கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்த்தேன். உங்களை அடக்கம் செய்து ஒரு கிழமை ஆகிவிட்டது. இந்த மணத்தோடு வரும் பயம் மட்டும் போகவில்லை.

பல வருடங்களுக்கு முன், குடியேறி வந்த பெண்களின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சிக்காக, கிளினிக்கின் பின்னறையில் என்னிடம் தமிழில் கேள்வி கேட்டவர் நீங்கள். எங்கள் ஆட்களுக்கு எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்காமல் தண்ணீரும் இறங்காது. நீங்கள் கேட்கவில்லை. "பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், பிள்ளை. வெளியில கண்டாலும் நான் முதல்ல கதைக்கமாட்டன்" என்றீர்கள். அதை நம்பித்தான் என் கணவர் அடிப்பதைச் சொன்னேன். "பேந்து எப்ப வேணுமெண்டாலும் வாரும். வழி இருக்கு" என்று கையைப் பிடித்தீர்கள்.

வீடு வந்ததும், ஏன் வாய் திறந்தேன் என்றிருந்தது. எங்கள் ஆட்கள் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் சுவருக்கு மட்டுமா காது, வெளிப்படிக்கட்டுக்கும் உண்டு. என்னை இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்தவர் கணவர். தெரிந்தால் கொன்றுவிடுவாரோ, திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று நித்திரை வரவில்லை.

கொஞ்ச நாளில், இதே சந்தையில், மச்சாள், என் கணவரின் அக்கா, உங்களை இழுத்துக்கொண்டு வந்தார். அவரும் நீங்களும் ஒரே தேவாலயத்தில் பாடுபவர்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "இவதான் எங்கட தம்பியின்ர மனுசி. தெரியுமோ?" என்றார். வாங்க எடுத்திருந்த கொத்தமல்லிக் கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"இல்லையே" என்றீர்கள். முதன்முதலாகக் காண்பவர் போல ஏற இறங்கப் பார்த்து, "பிள்ளை, நீர் எந்த ஊர்?" என்று கேட்டீர்கள்.

மன்னார் என்றேன். கையிலிருந்த கொத்தமல்லி கசங்கி விரலெல்லாம் மணத்தது.

செத்தவீட்டில் நான் விம்மியதைக் கண்டு உங்கள் மகள், "அன்ரி, அம்மாவை எப்பிடித் தெரியும்?" என்றாள். பக்கத்தில் மச்சாள். "சந்தையில ஒருக்கா கண்டனான்" என்றேன். "ஓம், நான்தான் அறிமுகப்படுத்தினனான்" என்றார் மச்சாள் பெருமையாக. பெற்ற பிள்ளைக்குக்கூட என் கதையைச் சொல்லாமல் போயிருக்கிறீர்கள்.

அப்போது பேச்சளவில் இருந்த லவால் மெட்ரோ ரயிலே ஓடத் தொடங்கிவிட்டது. என் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. உங்களுக்குத் தெரியுமே என்று இத்தனை வருடம் பயந்தேன். இனி ஒருவருக்கும் தெரியாது என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

கொத்தமல்லிக் கட்டைச் சந்தையிலேயே வைத்துவிட்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். உங்கள் கதிரையில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். நல்ல பிள்ளைதான், சிரித்தாள்.

"வாங்கோ அன்ரி. எந்த ஊர் நீங்கள்?"

"வழி இருக்கு" என்ற உங்கள் குரலை மட்டும் சுமந்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன், அக்கா.