ஊசி முனை கிடைத்த இடம்

இன்று மதியம் மூன்றாவது லைனில் ஓவர்லாக் மெஷினின் ஊசி உடைந்தது. ஊசி நோட்டு இப்போது என் பொறுப்பு. உடைந்த துண்டுகளையெல்லாம் தேடிக் கொண்டுவந்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, கிடைத்த இடத்தையும் எழுதினால்தான் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் பனியன் பண்டல் நகராது. அந்த மெஷின்காரப் பெண் நீட்டிய துண்டுகளில் முனை இல்லை. சட்டென்று என் கண் அவளுடைய வெறுங்காலுக்குப் போனது. "காலத் தூக்கிக் காட்டு கண்ணு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முனை துணி மடிப்புக்குள் கிடைத்துவிட்டது. வீடு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏனுங்க, கட்டின புருஷன் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முடிந்து ஆர்டர் குவிந்த அந்த வருடம், அதே லைனில்தான் நீங்கள் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது பாஸ் செய்தால் செக்கிங்கில் எழுத்து வேலை என்று கம்பெனியில் சொன்னதுதான் தாமதம், முப்பத்திரண்டு வயதில் என்னைத் தனித்தேர்வு எழுத வைத்தே தீருவேன் என்று நின்றீர்கள். கடைசி மாதம் லீவும் போட வைத்தீர்கள். "நீ படி அம்மிணி, ஊட்டு வேலைய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். ஏழாவது படித்த நம் மகளுக்கு ஜடைகூட நீங்களே பின்னினீர்கள். அந்தக் கோணல் ஜடையோடு பள்ளிக்கூடம் போக அவள் அழுத அழுகை இருக்கிறதே!

அந்த நாட்களில்தான் நீங்கள் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தீர்கள். "ஏனுங்க, கால்ல என்னங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அம்மிணி, பெடல் மிதிச்ச வலி" என்றீர்கள். வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றவில்லை. கேட்டால் தரை சில்லென்று இருக்கிறது என்றீர்கள். பங்குனி வெயிலில் தரை எங்கே சில்லென்று இருக்கும்? கணக்குப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அறிவியல் கைடு வேண்டுமென்று உங்களைத்தான் கடைக்கு அனுப்பினேன். பஸ் கிடைக்காமல் காதர்பேட்டையிலிருந்து நடந்தே வந்து, சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தீர்கள். நான் அட்டை கிழிந்திருக்கிறது என்று குறை சொன்னேன்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வாடை வந்தது. நீங்கள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தீர்கள். சாக்ஸை நான்தான் உருவினேன். பாதம் கறுத்துப்போயிருந்தது. சுகர் உடம்பில் சீழ் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலை எடுத்தார்கள், அப்படியும் நீங்கள் பிழைக்கவில்லை.

என்ன குத்தியது என்று அப்போது எனக்குத் தெரியாது. செக்கிங்கில் சேர்ந்து ஊசி நோட்டு என் கைக்கு வந்த பிறகு, பழைய பக்கங்களைப் புரட்டியபோது உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன முனை. கிடைத்த இடம்: மெஷின் அடியில். ஆனால் ஒட்டியிருந்தது உடைந்ததற்கு மறுநாள். லைன் மாஸ்டரிடம் கேட்டேன்.

"அவரு கால்லதானுங்க ஏறியிருந்துச்சு. சுகரு காலு, உணர்ச்சி இல்லீங்களே. ஊட்டுக்குப் போயி கால் களுவறப்பத்தான் பாத்தாராமுங்க. புடுங்கிக் கொண்டாந்து ஒட்டிப்போட்டு, 'அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பரீச்ச முடியட்டும்'னாருங்க."

கம்பெனிக்கு அந்த முனையைக்கூடத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். உங்கள் பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. பெண்டாட்டிக்காக உயிரையே விட்டவர் என்று சேவூரில் உங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பரீட்சை போனால் அடுத்த வருடம் எழுதியிருப்பேன். சீழ் பிடித்த காலோடு உங்களைக் கைடு வாங்க நடக்க வைத்த பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? உங்களுக்கு வலித்தால் அதில் பாதி எனக்கு உரியதில்லையா? என்னைக் கேட்காமலே அதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அதை அன்பு என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. இருபது நாளாகத் தெரியும். நம் மகளுக்கு அடுத்த மாதம் ப்ளஸ் டூ பரீட்சை. "ஏம்மா அங்கயே அமுக்கி அமுக்கிப் பாக்கறீங்க?" என்று போன வாரம் கேட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அப்படியே உங்கள் குரல். பரீட்சை முடியட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று அந்தப் பெண்ணைக் காலைத் தூக்கச் சொன்னபோதுதான், நானும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய், படித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். சமாதானம் சொல்வாள் என்று பார்த்தேன். புத்தகத்தை வீசினாள்.

"இருவது நாளா! அப்பா மாதிரியே நீங்களும் பண்ணுவீங்களா? நான் என்னங்மா, ஊட்டுக்கு வந்த விருந்தாளியா?"

உங்களிடம் நான் கேட்க முடியாமல் போனதை உங்கள் மகள் என்னிடம் கேட்டுவிட்டாள். நாளைக் காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போகிறோம். டாக்டர் என்ன சொல்வாரோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் பயம். அழுது முடித்துவிட்டு, "எங்கீங்மா?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து, கட்டி இருக்கிற இடத்தில் வைத்தேன்.