கோழிக்குப் போன கிரானோலா

சூரியநெல்லி
3.9.2024

ரிஞ்சு அம்மாவுக்கு,

சுவக்கீன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஆனந்தி எழுதுவது. நீ போனை எடுக்க மாட்டாயாம். “சொல்ல வேண்டியத ஆனந்தி முன்னால சொல்லி எழுதி அனுப்பட்டும், அப்பத்தான் நாக்கு அடங்கும்” என்று மகள் ரிஞ்சுவிடம் சொன்னாயாம். சரி, அடங்கியே பேசுகிறேன்.

ஒரு டப்பா கிரானோலாவுக்கா இத்தனை ஆட்டம்? ஓட்ஸையும் கடலையையும் தேனில் பிசைந்து ஓவனில் வறுத்து, கோழித்தீவனத்துக்குப் பக்கத்தில் வைத்தது யார்? பார்க்கத் தீவனம் மாதிரியே இருந்தது, போட்டேன். எழுபத்தெட்டாம் வருசக் கிறிஸ்துமஸ் கேக் அடிப்பிடித்ததை யாரிடமாவது வாய் திறந்திருப்பேனா? இன்றைக்கு ஆனந்தியிடம்தான் முதல் தடவை சொல்கிறேன்.

எப்போது வருகிறாய்?

சுவக்கீன்


எருத்தேன்பதி
10.9.2024

ரிஞ்சு அப்பாவுக்கு,

மகள் வீட்டில் எல்லோரும் சுகம்.

நாற்பது வருசம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை இது. யாரும் ஏவாமல் அது செய்கிற ஒரே வேலை, சனிக்கிழமை அந்த ஓவன் முன்னால் நிற்பதுதான். கோழிக்குப் போட்டதற்காக நான் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. அடுத்த லயத்து வீட்டுச் சூசையப்பன் அண்ணன் முன்னால், “கோழிக்குன்னு செஞ்சது கோழிக்கே போயிருச்சு” என்று சிரித்தீர்களே, அதற்காகத்தான். தப்பு என்று ஒரு வார்த்தை வரட்டும். அதுவரை நான் வரவில்லை.

செபமாலை


சூரியநெல்லி
19.9.2024

ரிஞ்சு அம்மாவுக்கு,

சூசையப்பன் பொள்ளாச்சி வருகிறான், அப்படியே எருத்தேன்பதிக்கும் வருவான். அவன் கையில் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். நானே செய்தது.

உன் வேலையை நான் கவனிப்பதே இல்லை என்பாய். கேட்டுக்கொள். ஓட்ஸ் மூன்று தம்ளர், கடலை ஒன்று, தேங்காய்ப்பூ அரை, தேன் ஆறு கரண்டி, ஏலக்காய் ஐந்து. பாதியில் தட்டை ஒருமுறை திருப்புவாய். வெளியே எடுத்தால் ஆறும்வரை ஒருத்தரையும் தொட விடமாட்டாய். எழுதிவைத்துக்கொண்டா சொல்கிறேன்?

ஆனாலும் முதல் தட்டு கரி. இரண்டாவது நமத்துப்போனது. ஓவன் திருகில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? மூன்றாவதைத்தான் அனுப்பியிருக்கிறேன். தின்றுவிட்டு பஸ் ஏறு.

சுவக்கீன்


எருத்தேன்பதி
26.9.2024

ரிஞ்சு அப்பாவுக்கு,

டப்பா வந்தது. உப்பு இல்லை. ஒரு சிட்டிகை போடுவேன். அந்த நேரம் நீங்கள் டிவியைப் பார்த்திருப்பீர்கள். ரிஞ்சு மட்டும் இரண்டு கை அள்ளித் தின்றாள்.

நான் கேட்டது டப்பா இல்லை.

ஆனந்தி, இது உனக்கு. அவர் வாயால் சொன்னால் மட்டும் எழுது. பாவப்பட்டு நீயாக எதையும் சேர்த்துவிடாதே.

செபமாலை


சூரியநெல்லி
2.10.2024

ரிஞ்சு அம்மாவுக்கு,

சொல்லியாயிற்று. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

முதல் தடவை முணுமுணுத்தேனாம். ஆனந்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை, “யாரு மேல தப்பு, தாத்தா?” என்று கேட்டாள். மூன்றாம் தடவை போட்ட சத்தத்தில் அடுத்த லயத்திலிருந்து சூசையப்பனே எட்டிப் பார்த்தான். அவனிடமும் சொன்னேன்: “அன்னைக்கு ஒம் முன்னால சிரிச்சேம்லா, அது எந் தப்புடே.” இப்போது அவன் சிரிக்கிறான். இன்னும் யாரிடம் சொல்ல வேண்டும்? பூசை முடிந்ததும் மைக்கிலா?

இன்னொன்று. அந்தக் கரித்தட்டைக் கோழிக்குப் போட்டேன். ஒன்றுகூட மூக்கை வைக்கவில்லை. உன்னுடையதை அன்றைக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் கொத்தின. நமத்த தட்டை நான்தான் தினமும் பாலில்லாத கட்டன்காப்பியில் போட்டு விழுங்குகிறேன்.

காலையில் கதவைத் திறந்தால் கோழிகள் உன் டப்பா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நானும்தான். அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

சுவக்கீன்