மாலைக்குள் இருந்த கை

அன்புள்ள மகன் அரிகரனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறேன், நீ அங்கே தலை முதல் கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்க வாய் வரவில்லை, சிலதை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். உன்கூட வேலை செய்கிற கீழத்தெரு டேனியல் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா படம் கெட்டுப்போச்சு என்று நான் அழுததற்கு, வீட்டிலேயே போட்டோ பிரிண்ட் போடுகிற மெஷின் வாங்கித் தருகிறேன், எது வேண்டும் என்று அர்ச்சனாவைக் கேட்டுச் சொல் என்றாயே. பக்கத்து வீட்டுப் பெண் இல்லையா, காலேஜ் விட்டு வந்து பொறுமையாகச் சொன்னாள். ஒன்று பாட்டிலிலிருந்து மை ஊற்றி ஓட்டுகிறது, பெரிய படமும் வரும், அடிக்கடி ஓட்டாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளுமாம், ஈரம் பட்டால் படம் கரையலாமாம். இன்னொன்று சின்னது, கலர் சுருள் போட்டது, கடைசியில் படத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசித் தள்ளுமாம், தண்ணீர் பட்டாலும் தாங்குமாம், ஆனால் படம் போஸ்ட் கார்டு அளவுதான். நீ இன்னா பெரீம்மா கல்யாண ஆல்பமா போடப்போற, சின்னதே போதும் என்றாள். எனக்கு அளவு முக்கியமில்லை அய்யா, சந்தனம் பட்டால் கரையக்கூடாது, அது ஒன்றுதான்.

கருமாதிக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் படம் எப்படிக் கெட்டது என்று உனக்குத் தெரியாது. அப்பா தனியாக நின்ற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நீ முதல் தடவை குவைத் கிளம்பிய அன்று அவர் தோளில் கை போட்டு நின்றாயே, அதில்தான் முகம் தெளிவு. பாகூர் ஜெராக்ஸ் கடை ராஜ்மோகன் உன்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் பிரிண்ட் போட்டுத் தந்தான். கண்ணாடி போட நேரமில்லை, காகிதத்தின் மேலேயே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். பந்தி எழுவதற்குள் நெற்றி கரைந்து கண்ணில் இறங்கி முகமே ஓடிப்போனது. தோளும் சட்டையும் அப்படியே இருந்தது. வேறு படம் இல்லை, அதற்கே தினமும் மாலை போட்டு விளக்கேற்றி வந்தேன். போன மாதம் அர்ச்சனா மாலையை விலக்கிப் பார்த்துவிட்டு, பெரீம்மா, தோள் மேல இருக்கறது அரி அண்ணன் கையாச்சே என்றாள். உன்னை வெட்டினவன் கையை விட்டுவிட்டான். மணிக்கட்டில் நான் கட்டிவிட்ட கறுப்புக் கயிறுகூடத் தெரிகிறது. அப்பா முகம் போன பிறகு உன் வலது கைக்குத்தான் இத்தனை நாளும் மாலை போட்டிருக்கிறேன்.

படத்தை எடுத்துக்கொண்டு ராஜ்மோகனிடம் ஓடினேன். இதுக்கு இன்னாக்கா இப்படி நடுங்கற, கையத்தான, கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷத்துல அழிச்சிடறேன் என்றான். அழிக்கிறேன் என்றதும் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன், செருப்பு அங்கேயே கிடந்தது. கிழிக்கவும் பயம், ஆற்றில் விடவும் பயம். மாலையைக் கழற்றிவிட்டு மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து பார்க்கிறேன், வீடியோவில் நீ இடது கையால்தான் போனைப் பிடிக்கிறாய். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவன், இப்போது எப்போது கூப்பிட்டாலும் சாப்பிட்டாச்சு என்கிறாய். ஒருநாள் ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ தெரிந்தது, கேட்டதற்கு டவல் என்றாய். தகடு வெட்டுகிற மெஷினில் நிற்கிற பிள்ளை நீ. டேனியலைக் கேட்டேன், நல்லாத்தாம்மா கீறான் என்று சொல்லிவிட்டு வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரிண்டரைப் பார்சலில் அனுப்பாதே. சின்னதையே வாங்கி, அப்பா வருஷத் திதிக்கு நீயே கொண்டுவந்து உன் கையால் பெட்டியைப் பிரி. அப்பா வீடியோவில் பேசும்போது நீ போனில் பிடித்து வைத்த படம் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னாய், அதில் அவர் தனியாகத்தான் இருப்பார், யார் கையும் இருக்காது, அதைப் போடுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மெஷின் ஓடும்போது போனை எடுக்காதே, நான் கூப்பிட்டாலும் எடுக்காதே. செல்லியம்மன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். இது கிடைத்ததும் ஒரு காகிதத்தில் இரண்டு வரி உன் வலது கையால் எழுது. எழுதுகிறபோதே விரல் ஐந்தும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அர்ச்சனா போனுக்கு அனுப்பு. பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். அந்தப் படத்தை நான் பிரிண்ட் போடமாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா கலியம்மாள்