டைட்டில்தானே ஓடுது

நேற்று என் மகள் வீட்டு டிவியில் நீ வேலை பார்த்த படத்தைத் தேடிப் பிடித்தேன். இசை தொடங்கியதும் திரையின் மூலையில் ஒரு பொத்தான் வந்தது: 'அறிமுகத்தைத் தவிர்க்கவும்'. நாகரிகமான யோசனை. நம்மூர் அதை எந்தப் பொத்தானும் இல்லாமலே செய்துவந்தது.

ஐந்து நிமிடம் பெயர்கள் ஓடும். கதாநாயகி முதல் அவருக்கு நாற்காலி தூக்கியவர் வரை எல்லோருக்கும் இடமுண்டு. பெரிய காஞ்சிபுரத்தில் யாரும் அதைப் படத்தோடு சேர்த்ததில்லை. தியேட்டரிலிருந்து அந்த இசை தெருவுக்குக் கேட்ட பிறகுதான் எதிர்க்கடையில் டீ சொல்வோம்.

தறியை விட்டு சினிமாவுக்கு ஓடினாய் என்று உன் அப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். நடிகர்களின் சட்டைக்கு இஸ்திரி போட்டதற்காக, 'உடை உதவி' என்று பதினோரு பேருக்கு நடுவில் உன் பெயரும் வந்தது. "அப்பாவ மட்டும் எப்படியாவது இட்டுக்கினு போய்க் காட்டுடா" என்று கெஞ்சினாய். கெஞ்சிக் கெஞ்சி, படத்தின் கடைசி நாளன்று அவரைக் கிளப்பினேன். தியேட்டர் வாசலுக்கு வரும்போது உள்ளே இசை ஆரம்பித்துவிட்டது.

"டைட்டில்தானே ஓடுது பெரிப்பா, சூடா ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

வாய்ப்பழக்கம். எதற்காக வந்தோம் என்பது பாதி டம்ளரில்தான் உறைத்தது. உள்ளே ஓடினோம். திரையில் ஒரே ஒரு பெயர் பெரிதாக நின்றது. உன் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"இது யாருப்பா?"

"டைரக்டரு."

"எம்புள்ள பேரு?"

"முன்னாடியே போயிடுச்சு பெரிப்பா. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

"அவனுக்காக நீ பழிய ஏத்துக்காதப்பா. இருந்தாத்தானே போவும்?"

மறுநாள் படம் மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேட்டாய்: "பார்த்தாரா?"

"பார்த்தாரு. எழுத்துக்கூட்டி ரெண்டு தரம் படிச்சாரு."

பஸ் நிலையம் என்றும் பாராமல் அழுதாய். அதன்பின் உண்மை சொல்ல எனக்குப் பல நல்ல நாள்கள் கிடைத்தன; ஒவ்வொன்றையும் நாகரிகமாகத் தவிர்த்தேன். அவரோ கடைசிவரை என்னிடம், "சினிமாவுல பேரு வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான் பாரு" என்று சிரிப்பார். அவர் காரியத்தன்று, வந்தவர்களிடமெல்லாம் அவர் உன் பெயரைப் படித்த கதையைச் சொன்னாய். சாட்சிக்கு என்னைக் கைகாட்டினாய். தலையாட்டினேன்.

நேற்று பொத்தானைத் தொடவில்லை. உன் பெயர் நான்கு விநாடி நின்றது. போனில் படம் பிடித்து உன் மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "இதத்தான் தாத்தா படிச்சாரா சித்தப்பா?" நீ போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

அவர் உன்னைப் பொய்யன் என்று நம்பிப் போனார். நீ என்னை யோக்கியன் என்று நம்பிப் போனாய். இரண்டும் தவறு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.