அரத்தால் மூன்று இழுப்பு

குவில்டி, கிளேர்
மே 9

அன்புள்ள நூலா,

அம்மாவின் கான்செர்டினாவை, அந்தத் துருத்திப் பெட்டியை, நீ கெடுத்துவிட்டாய். நலம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

போன இலையுதிர்காலத்தில் இரண்டே நாள் வந்து, காற்று ஒழுகுகிறது, டப்ளினில் பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று வாங்கிப் போனாய். செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. புதுத் தோலுறை, உள்ளே சிவப்புத் துணி. கூடவே பழுதுபார்த்தவரின் சீட்டு: துருத்தி புதிது, உலோக நாக்குகளான ரீடுகள் எல்லாம் இசைக்குழுவின் சுருதிக்குச் சரிசெய்யப்பட்டன. அடுத்த வீட்டு பெர்னி டால்டிதான் சீட்டைப் படித்துக் காட்டினாள். "உன் தங்கச்சி இவ்வளவு பண்ணியிருக்கா, செனன், நீ ஏன் செத்த வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறே?" என்றாள்.

பெட்டியை மார்போடு அணைத்து, அம்மா செய்வதுபோல ஒரே ஸ்வரத்தை இடக்கையில் கீழேயும் வலக்கையில் மேலேயும் சேர்த்து அழுத்தினேன். அந்த ஸ்வரம் முன்பு எப்படி அதிரும் என்று உனக்குத் தெரியும். ஈ உட்கார்ந்தால் பசுவின் தோல் சிலிர்க்குமே, அப்படி. இப்போது ஒன்றுமில்லை. சட்டியில் ஆறின பால்.

செப்டம்பரில் எனிஸ் தேவாலயத்தில் உன் புதுப் படைப்பு, பதினாறு வயலின்களோடு இந்தப் பெட்டி, அதனால் சுருதி சேர வேண்டும் என்பாய். அது டப்ளின்காரன் நியாயம். நம் வீட்டு நியாயம் வேறு. ஞாயிறு பூசை முடிந்து கிறிஸ்டி குவீலி வயலினோடு வந்தால், அம்மாவின் பெட்டிக்குச் சுருதி சேர, தேநீருக்கு முன்பே முறுக்காணியைத் தளர்த்துவார். ஒருநாள் முணுமுணுத்தார்: "இந்தப் பொட்டியில ஒரு ஸ்வரம் மட்டும் குடிச்சிட்டு வந்த மாதிரி நிக்குது, நோரா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "அது நிக்கிற எடத்துல நிக்கும். நீ எறங்கி வா கிறிஸ்டி, உனக்குத்தானே திருகறதுக்கு ஆணி இருக்கு."

அன்றிலிருந்து அந்த இடத்தில் அவர் விரலைக் கீழே சரித்துக்கொள்வார். நீ மேசைக்கு அடியில் இருப்பாய், ஆறு வயது. ஆட்டப் பாட்டுக்கெல்லாம் ரொட்டியை மென்றுகொண்டே இருப்பாய். மெதுவான மெட்டில் அந்த ஸ்வரம் வரும்போது மட்டும் உன் வாய் நின்றுவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

பதினேழு வயதில் டப்ளின் போனாய், பிறகு கோபன்ஹேகன். அம்மாவின் அடக்கத்தன்று உனக்கு அங்கே அரங்கேற்றம் இருந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. உன் இசையை ஒன்றுவிடாமல் வானொலியில் கேட்டிருக்கிறேன். உன் இசைத்தாளை வாசிக்க ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நானே கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. உன் நரம்புக் கருவிகள் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நடுங்குகின்றன என்றும், அது வடதேசத்துப் பனி என்றும் பத்திரிகைகள் எழுதுகின்றன. நீயும் ஒரு பேட்டியில் கடற்காற்று என்று சொல்லிவிட்டாய். அந்தக் காற்றில் எண்பது வருடம் நின்றவன் நான். அதில் அந்த ஸ்வரம் கிடையாது.

எட்டு செல்லோக்களுக்கு நீ எழுதியதில், நடுவே இரண்டு செல்லோக்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கின்றன. ஒன்று கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. நெடுநேரம் அதிர்கிறது. பிறகு துருத்தி திரும்பும் நேரத்துக்கு ஒரு மௌனம். காதை வானொலியில் ஒட்டவைத்துக் கேட்டேன். அது பனியுமில்லை, காற்றுமில்லை. நம் சமையலறை. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிக்க வைத்த நீயே அம்மாவின் பெட்டியிலிருந்து அதை அராவி எடுக்கக் கொடுத்திருக்கிறாய்.

இனி எழுதப்போவதை அறுபத்தொன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

லிமெரிக்கில் வாங்கியபோதே அந்தப் பெட்டி அப்படித்தான் இருந்தது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். பொய். எனக்குப் பதினொரு வயது. வலக்கைப் பக்கத்தில் அந்த ஸ்வரத்தின் ரீடு கொஞ்சம் தாமதமாகப் பேசியது. கடிகாரத்தைச் சரிசெய்தவன், தண்ணீர்ப் பம்பைச் சரிசெய்தவன், இதென்ன என்று நினைத்தேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். ஆறு திருகாணிகளைக் கழற்றி, அப்பா தூண்டில் முள் தீட்டும் அரத்தால் ரீடின் அடிப்பக்கம் மூன்று இழுப்பு இழுத்தேன். ஸ்வரம் இறங்கிவிட்டது. பயந்து மூடி வைத்தேன்.

மறுநாள் அம்மா வாசித்தாள். அந்த இடத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். திரும்ப அதையே அழுத்திக் கேட்டாள். பிறகு மெட்டை முடித்தாள். அவ்வளவுதான். எந்த வருடமும் அவள் அதைச் சரிசெய்யக் கொடுத்திருக்கலாம். பாதிரியாரிடம்கூடப் பொய் சொல்லாதவள், சாகும்வரை லிமெரிக் என்றே சொன்னாள்.

உன் நிகழ்ச்சித்தாளில் என் பெயர் வேண்டாம். என் கோணலும் அம்மாவின் பொய்யும் சேர்ந்துதான் உனக்குக் கிடைத்தது என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அந்த அரம் இன்னும் அலமாரி இழுப்பறையில் இருக்கிறது. வியாழனன்று பெட்டியைத் திறந்தும் பார்த்தேன். கை நடுங்கவில்லை. காதுதான் போய்விட்டது, நூலா. குளிர்காலத்திலிருந்து அவ்வளவு உயரத்து ஸ்வரம் எனக்கு எட்டுவதே இல்லை. டாக்டர் கொடுத்த கருவி விசிலடிக்கிறது. அதிர்வை மார்பில் உணர்வேன். ஆனால் எவ்வளவு அதிர்ந்தால் அது அம்மாவுடையது என்று மார்புக்குத் தெரியாது. பெர்னியைக் கேட்கச் சொல்லலாம் என்றால், அவள் பூசையில் பாடுவதை நீயே கேட்டிருக்கிறாய்.

ஆகவே ஆகவேண்டியது இது. டப்ளின்காரர் இனி அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. பதினாறு வயலின்காரர்களும் பெட்டிக்கு இறங்கி வர வேண்டும், கிறிஸ்டி வந்தார், இவர்களும் வரலாம். அதை அவர்களுக்கு நீயே எழுது. மேற்கு அறையைத் திறந்து, மெத்தையை வெயிலில் போட்டு, கணப்பு மூட்டுவதை பெர்னி பார்த்துக்கொள்வாள், சொல்லிவிட்டேன். ஜூன் இருபத்துமூன்று அம்மாவின் நினைவுப் பூசை. அதற்கு முன் நீ வந்துசேர வேண்டும், இந்தமுறை இரண்டு நாளுக்கு இல்லை. கடவுள் உன்னைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவரட்டும். அது அவர் வேலை. அரத்தைப் பிடிப்பது நான். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு, போதும் என்று சொல்ல வேண்டியது நீ.

உன் அண்ணன்,
செனன் மரினன்