வாசலில் நிறைந்திருந்த பானை

அன்புள்ள தஹானிக்கு,

இறைவன் காவலில் நீயும் பிள்ளைகளும் நலந்தானே? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

நான் நம் ஊர் ஓம்துர்மானுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்தை வழிநெடுக நிறுத்திச் சோதித்தார்கள். ஓரிடத்தில் எல்லோரும் இறங்கி ஓடியதில் என் செருப்பு ஒன்று போயிற்று, வேறொன்றுமில்லை.

சண்டைக்குப் பயந்து நாம் விட்டுப்போன வீட்டில் இப்போது கதவும் இல்லை, கட்டிலும் இல்லை; எல்லாம் கொள்ளை போயிற்று. ஆனால் வழிப்போக்கர்கள் குடிக்க, உன் அப்பா பேரில் வாசலில் வைத்தாயே, அந்த மண்பானை விளிம்புவரை நிறைந்திருந்தது! நான் திகைத்து நிற்கையில் எதிர்வீட்டு சித்தானா அக்கா வாளியோடு வந்தாள்.

"ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாளே, எங்கடா உன் பொண்டாட்டி? சண்டை நடந்தா சனங்களுக்குத் தாகம் எடுக்காதா? நைலுலேர்ந்து சுமந்து சுமந்து என் இடுப்பே ஒடிஞ்சுபோச்சு. இந்தா, இனி உன் பாடு!" என்று வாளியை என் கையில் திணித்தாள்.

நாளை நம் ரொட்டிக்கடையில் மறுபடி அடுப்பு மூட்டுகிறோம். செருப்பு ஒரு ஜோடி கொடுத்தனுப்பு. கதவுக்குப் பதில் தொங்கவிட உன் பழைய முக்காட்டுத் துணியும் வேண்டும். புதிது வேண்டாம், நீ உடுத்தியதே போதும்.

கடிதம் கொண்டுவரும் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். பானைக்குக் குவளை மட்டும் இல்லை. அதை யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே கொண்டு வா.

உன்
முஃதஸிம்