ஞானபாக்கியத்தின் கைத்தழும்பு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
9 மார்ச்சு 1951

அந்தத் தழும்பத் தூக்கி என்னாண்ட காட்டாத ஞானம், நான் சொல்றதக் கேளு. போன கடுதாசியில மறுபடியும் அம்மை குத்திக்கோன்னு எழுதுனதுக்கு, கையில சின்னதுல குத்துன தழும்பு கீது நைனா, எனக்கு ஒண்ணும் வராது, நீ கிழவனாயிட்ட, அதான் எல்லாத்துக்கும் பயப்படுறன்னு பதில் போட்டுகீற. கிழவன்னு சொன்னத அப்பால வச்சிக்கிறேன். பக்கத்து குவாட்டர்ஸ் பொம்பளைக்கு அம்மை போட்டிருக்குன்னு கஞ்சி எடுத்துகினு உள்ள போய்ப் போய் வர்றியே, அத மொதல்ல நிறுத்து. இங்க உங்கம்மா பேனாவத் தூக்கிப் புடிச்சிகினு, சுகம் விசாரிக்காம சண்டையில ஆரம்பிக்கிற கடுதாசிய நான் எழுத மாட்டேன்றா. நான் ரெண்டாங்கிளாசு, அவ கான்வெண்டுல அஞ்சாவது, நான் சொல்லச் சொல்ல அவதான எழுதணும், அதனால அவ வச்சதுதான் சட்டம். சரி. கரக்பூர்ல நீயும் மாப்ளயும், நான் இன்னும் மூஞ்சி பாக்காத என் பேரனும் சொகமா கீறீங்களா. இங்க நானும் உங்கம்மாவும் ஆண்டவர் புண்ணியத்துல நல்லாகீறோம். அவளுக்கு முட்டி வலி, எனக்கு அவ.

நம்ம தெருவுலயும் போன மாசம் அம்மை வந்துட்சி. கார்ப்பரேசன்லேர்ந்து அத்தாவுல்லான்னு ஒருத்தர் வந்து எல்லாரையும் வரிசையில நிக்க வச்சி குத்துனாரு. என் மொறை வந்தப்போ மூஞ்சியப் பாத்து சிரிச்சிட்டாரு. எட்டு வயசுல அம்மை வந்து பொழச்ச மூஞ்சி, உனக்குத் தெரியாததா, மடியில குந்திகினு அந்தக் குழியெல்லாம் வெரல வச்சி எண்ணுவியே. பெரியவரே, உம்ம உடம்பு அத எப்பவோ பாத்துட்சி, உமக்குக் குத்துறது தெண்டம்ன்னாரு. உடம்புக்கு இன்னா கண்ணா கீது பாக்கறதுக்குன்னேன். நல்ல மனுசன், அடுத்த ஆளுக்குக் குத்திகினே சொன்னாரு. நோவு மொததபா உள்ள வரசொல்ல அது யாருன்னே உடம்புக்குத் தெரியாதாம். ரத்தத்துல கீற ஆளுங்க கண்ணு மண்ணு தெரியாம அடிச்சிப் பாப்பாங்களாம், ஜொரம்ன்றது அந்தச் சண்டையோட சூடாம். அதுக்குள்ள வேற சில ஆளுங்க அந்த நோவ அளவெடுத்து, அதுக்கு மட்டும் பொருந்துற ஆயுதம் செய்வாங்களாம், அது ஆவறதுக்குப் பத்து நாளு, அதுக்குள்ள நோவு ஜெயிச்சா ஆளு காலி. பொழச்சிகினா அளவெடுத்தவங்கள்ல கொஞ்சம் பேரு உள்ளயே குந்திகினு இருப்பாங்க, அது மறுபடி வந்தா வாசல்லயே அமுக்கிடுவாங்க. குத்துற அம்மைப்பாலு மாட்டம்மை ஜாதியாம். பெரியம்மைக்குப் பங்காளி, ஒரே ஜாடை, ஆனா அடிக்கத் தெரியாதவன். அவனக் காட்டிவச்சா போதும், அண்ணங்காரன் வரசொல்ல உடம்பு அடையாளம் கண்டுக்கும். அட, என் பொஞ்சாதி மாதிரின்னேன். கல்யாணமான புதுசுல ஒருதபா என்ன கள்ளுக்கடையில பாத்தா, இப்ப ஊர்ல கள்ளுக்கடையே இல்ல, இன்னும் நான் அந்தச் சந்து பக்கம் திரும்புனா ஆயுதம் எடுத்துடுறான்னேன். வரிசையே சிரிச்சிது. இத எழுத மாட்டேன்னு உங்கம்மா மூஞ்சியத் திருப்பிகினா, அப்போ கடுதாசியே இல்லன்னேன், எழுதிகினுகீறா, எழுத்தப் பாரு, கோவத்துல குண்டு குண்டா வருது.

ஆனா உடம்பு எல்லாத்தையும் ஒரே தபாவுல கத்துக்கும்னு அவரு சொன்னது எனக்கு ஒத்துவரல. உன்ன ரயிலேத்தி விட்டு ரெண்டு வருசம் ஆவுது, ஒவ்வொரு கடுதாசிக்கும் அந்த மொத நாளு நோவு புதுசா வருது. ஹௌரா மெயில் போற நேரத்துக்கு சவரக்கடைன்னு பொய் சொல்லிட்டு பேசின் பிரிட்ஜாண்ட போய் நிக்கிறேன். அந்த வண்டி உன் பக்கம் போவுதேன்னு ஒரு ஆசை. தெனம் சவரம் பண்ணிக்கப் போறவன் தாடியோட வர்றானேன்னு உங்கம்மா ஒருநாளு பின்னாலயே வந்து நின்னா. ரெண்டு பேரும் வண்டியப் பாத்துட்டு வூட்டுக்கு வந்தோம்.

இப்ப சொல்றத ஃப்ளோரன்ஸ், பேனாவ நிறுத்தாம எழுது. ஞானம், உனக்கு மூணு வயசுல தெருவுல குத்துனாங்க, உங்கம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நைனா வேணாம்னு என் கழுத்தக் கட்டிகினு கத்துன. குத்துனா அந்த அம்மையே வந்துடும்னு அப்போ தெருவே பேசிகினு இருந்திச்சி. என் மூஞ்சி உனக்கு வந்துடுமோன்னு பயந்துட்டேன். குத்துன கையோட தூக்கிகினு ஓடி சவக்காரம் போட்டு தேச்சிக் கழுவிட்டேன். எட்டாம் நாளு கொப்புளம் பாக்க இன்ஸ்பெக்டர் வருவாரு, இல்லன்னா மறுபடி குத்துவாரு. அதுக்காவ வண்ணாரப்பேட்டையில துணி வெளுக்கற உச்சிமாகாளிகிட்ட, துணிக்குக் குறி போடுற சேங்கொட்டைய வாங்கியாந்து, அதோட பாலத் தொட்டு உன் கையில ரெண்டு புள்ளி வச்சேன். அது பட்ட எடம் வெந்து கொப்புளிக்கும். தெருவுல நாலஞ்சி பேரு பண்ண வேலதான். இன்ஸ்பெக்டர் பாத்துட்டு நல்லா எடுத்துகீதுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு, நான் பெரிய கெட்டிக்காரன்னு சிரிச்சிகினேன். நீ காட்டுற தழும்பு அதாம்மா. உன் உடம்பு அந்த நோவப் பாத்ததே இல்ல, பங்காளியக்கூட பாத்ததில்ல.

இங்கேர்ந்து என் கையெழுத்து, தப்பு இருந்தா பொறுத்துக்கோ. உங்கம்மா கடைசி வரி வரைக்கும் எழுதிட்டு பேனாவ வச்சிட்டா. நோவு ஒட்டிகினாக்கூட மூணு நாளைக்குள்ள குத்திகினா தப்பிக்கலாம்னு அத்தாவுல்லா சொன்னாருடின்னேன். கடுதாசி போவ எத்தினி நாளுன்னு கேட்டா. நாலுன்னேன். சேலைய இழுத்து சொருவிகினு, செருப்புகூட போடாம தந்தி ஆபீசுக்கு எறங்கிட்டா, இரு நானும் வரேன்னேன், திரும்பிப் பாக்கல. தந்தி அடிக்கணும்னு எனக்குத் தெரியாம இல்ல ஞானம். அவகிட்ட காரணம் சொல்லணுமேன்னு பயந்துகினு கடுதாசி சொல்லிகினு குந்திகினுருந்தேன்.

இது உன் கைக்கு வரசொல்ல தந்தி முன்னாடியே வந்துருக்கும். அதுல குத்திக்கோன்னு மட்டும் இருக்கும், ஏன்னு இதுல கீது. ரயில்வே ஆசுபத்திரியில பேரனுக்கும் குத்தச் சொல்லு. அவன் கத்துனா மாப்ள மனசு எளகிடும், அவர வெளிய நிக்க வை. யாரையும் கழுவ விடாத. ஆண்டவரும் மாதாவும் உங்க மூணு பேரு தலைமேலயும் கை வச்சி காப்பாத்தட்டும். ஒரு வாரத்துல கை வீங்கி கொப்புளம் வந்தா நல்லதாம். கை வீங்கிகீது நைனான்னு ஒரே ஒரு வரி போடு, வேற ஒண்ணும் எழுத வேணாம்.

உன் நைனா
லூயிஸ்